மோட்டார் வாகனச் சுழல்தண்டு: எஃகா, அலுமினியமா? கரியாஹாட் சாலையிலிருந்து ஒரு பொருளாதாரப் பாடம்

தென் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் குறுக்கிடும் நாற்சந்தி, அந்நகரின் வணிக வாழ்வை ஒரே பார்வையில் காட்டவல்ல இடங்களுள் ஒன்றாகும். சேலைக் கடைகளும் நடைபாதை வணிகர்களும் நெருங்கி நிற்க, 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலம் தலைக்குமேல் செல்கிறது. மேற்கே சிறிது தொலைவில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதி உள்ளது. இந்நாற்சந்தியில் விளக்கு மாறுவதற்குக் காத்திருக்கும் வாகனங்களுள் இருவகையை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, மஞ்சள் நிற அம்பாசிடர் வாடகைக் கார். மற்றொன்று, வசதி படைத்த இளைஞர் ஒருவர் வேகத்திற்காகவே வாங்கிய மிகுவிசைக் கார். விலையிலும் வயதிலும் இவற்றிற்கு ஒப்புமை இல்லை. எனினும், இரண்டிலும் எஞ்சின் முன்னே இருக்க, பின்சக்கரங்களே வண்டியை உந்துகின்றன. இடையிலுள்ள தொலைவை ஒரு சுழல்தண்டு இணைக்கிறது. பட்டறைகளில் இதனைப் புரொப்பல்லர் ஷாப்ட் என்பர்.

மிகுவிசைக் கார் வைத்திருப்போரிடையே, தொழிற்சாலையிலிருந்து வந்த எஃகுத் தண்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் அலுமினியத் தண்டைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. அமெரிக்காவில் 2005-க்குப் பின் வந்த போர்டு மஸ்டாங் கார்களுக்கு இத்தகைய தண்டுகள் பெருமளவில் விற்பனையாகின்றன. அதே கார் 2016 முதல் நம் நாட்டிலும் சில ஆண்டுகள் விற்கப்பட்டது. இம்மாற்றத்தால் உண்மையில் கிடைக்கும் பயன் எவ்வளவு, அதற்குக் கொடுக்கும் விலை தகுமா, வாடகைக் காருக்கும் சரக்கு வண்டிக்கும் இதே மாற்றம் ஏற்றதா என்னும் வினாக்கள் முதலீட்டுப் பொருளாதாரம் பயிலும் மாணவர்க்கும், போக்குவரத்துத் துறை அலுவலர்க்கும் நல்ல பயிற்சியாக அமையும்.

தண்டின் பணி

கியர்பெட்டி வண்டியின் சட்டத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. பின் அச்சோ, அம்பாசிடரில் உள்ளதுபோல், எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்களின்மேல் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு சுழலும்போதே சாய்வையும் நீளத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சாய்வு மாற்றத்திற்கு இரு முனைகளிலும் கார்டன் மூட்டுகள் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் வழங்கும் இம்மூட்டை, பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் ஆராய்ந்து விளக்கினார். மூட்டின் நடுவே சிலுவை வடிவில் உள்ள உறுப்பைத்தான் நம் பட்டறைகளில் யூ.ஜே. கிராஸ் என்கின்றனர். நீள மாற்றத்திற்குப் பற்கள் வெட்டிய நழுவு மூட்டு ஒன்று அமைந்துள்ளது.

கார்டன் மூட்டிற்கு ஒரு குறை உண்டு. உள்வரும் சுழற்சி சீராக இருப்பினும், மூட்டு சாய்ந்திருந்தால் வெளிச்செல்லும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். 10 பாகைச் சாய்வில் இவ்வேறுபாடு மேலும் கீழும் ஏறத்தாழ 1.5 விழுக்காடாகும். இரு முனைகளிலும் ஒரே அளவு சாய்வும், இரு மூட்டுகளின் கவைகளும் ஒரே தளத்திலும் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது நீக்கிவிடும். தண்டைக் கழற்றும் பணியாளர் நழுவு மூட்டின் இரு பகுதிகளிலும் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளமிட்டுவிட்டுக் கழற்றுவது இதற்காகவே. அடையாளமின்றிப் பல் மாறிப் பொருத்தப்பட்ட தண்டு, எவ்வளவு விலையுயர்ந்த உலோகத்தால் ஆனதாயினும் அதிரத்தான் செய்யும். பல நேரங்களில் பழைய தண்டின்மேல் சுமத்தப்படும் பழி இவ்வகைப் பிழையினாலேயே எழுகிறது.

எடைக் கணக்கு

எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம்; அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம். மூன்றில் ஒரு பங்கே எனினும், அலுமினியத்தின் வலிமையும் விறைப்பும் குறைவாதலால் குழாயின் சுவரைத் தடிப்பாகவும் விட்டத்தைப் பெரிதாகவும் அமைக்க வேண்டியுள்ளது. ஆகவே, நடைமுறையில் எடை பாதியளவே குறைகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, 10 கிலோ எடையும் 4 சென்டிமீட்டர் ஆரமும் உடைய எஃகுத் தண்டிற்கு மாற்றாக, 5 கிலோ எடையும் 4.5 சென்டிமீட்டர் ஆரமும் உடைய அலுமினியத் தண்டு பொருத்தப்படுவதாகக் கொள்வோம். வண்டியின் மொத்த எடை 1,200 கிலோ என்க.

நேரடியாகக் குறைந்த எடை 5 கிலோ. ஆனால் விற்பனையாளர்கள் இத்தோடு நிற்பதில்லை. சுழலும் பொருளின் எடையைக் குறைத்தால் பயன் பன்மடங்காகும் என்று அவர்கள் எடுத்துரைக்கின்றனர். கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை, அளவுதான் மிகைப்படுத்தப்படுகிறது. எடையை ஆரத்தின் இருமடியால் பெருக்கினால் மெல்லிய குழாயின் நிலைமத் திருப்புத்திறன் கிடைக்கும். எஃகுத் தண்டிற்கு 0.016 அலகும், அலுமினியத் தண்டிற்கு 0.010 அலகும் வருகின்றன. குறைவு 0.006 அலகு. தண்டு சக்கரத்தைவிட நான்கு மடங்கு விரைவாகச் சுழல்வதாகக் கொண்டால், சக்கரத்தின் நோக்கில் இதனை 4-இன் இருமடியான 16-ஆல் பெருக்க வேண்டும்; 0.094 அலகு கிடைக்கிறது. சக்கரத்தின் ஆரம் 31 சென்டிமீட்டர் எனில், இது வண்டியின் எடையில் ஏறத்தாழ 1 கிலோ குறைவதற்குச் சமமாகும். ஆக, முடுக்கத்தின்போது கிடைக்கும் முழுப் பயன் 6 கிலோ எடைக் குறைவு. 1,200 கிலோவில் இது அரை விழுக்காடு. கரியாஹாட் சந்தையில் வாங்கிய அரிசிப் பை ஒன்றைக் காரில் ஏற்றாமல் விட்டாலும் இதே பயன் கிடைத்துவிடும்.

தண்டு மெல்லியதாதலால் அதன் நிறை முழுவதும் சுழலச்சை ஒட்டியே உள்ளது. சுழல்நிலைமத்தில் அதன் பங்கு சிறிதாக இருப்பதன் காரணம் இதுவே. சக்கரத்தின் விளிம்பிலும் டயரிலும் குறைக்கப்படும் ஒரு கிலோ, தண்டில் குறைக்கப்படும் ஒரு கிலோவைவிட மிகுதியான பயன் தரும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தல் நன்று.

விட்டத்தின் பங்கு

அவ்வாறாயின் அலுமினியத் தண்டு வெறும் விளம்பரம்தானா? அன்று. அதன் உண்மையான பயன் வேறோரிடத்தில் உள்ளது. அதைப் பற்றி விற்பனையாளர்கள் குறைவாகவே பேசுகின்றனர்.

நீண்ட தண்டு எதற்கும் ஒரு மாறுநிலைச் சுழல்வேகம் உண்டு. அவ்வேகத்தை நெருங்கும்போது தண்டு நடுவில் வளைந்து, கயிறாட்டத்தில் சுழலும் கயிறு போல் வீசத் தொடங்கும், தொடர்ந்தால் முறியும். இவ்வேகம் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும், குழாயின் விட்டத்திற்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. உலோகத்தைப் பொறுத்தவரை, யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்துவரும் ஈவின் இருமடி மூலமே இதனை முடிவு செய்கிறது. எஃகின் யங் குணகம் அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு; அடர்த்தியும் மூன்று மடங்கு. ஈவு இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே! ஆகவே, ஒரே நீளமும் ஒரே விட்டமும் கொண்ட எஃகுத் தண்டும் அலுமினியத் தண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளையும். இலேசான உலோகம் என்பதனாலேயே வேக வரம்பு உயர்ந்துவிடும் என்ற எண்ணம் தவறானது.

உயர்வது விட்டத்தினால். 1.5 மீட்டர் நீளத்தில் 7.5 சென்டிமீட்டர் விட்டமுடைய மெல்லிய குழாய்க்கு மாறுநிலை வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,700 சுற்று. விட்டத்தை 9 சென்டிமீட்டராக்கினால் 6,800 சுற்று. எஃகில் இவ்வாறு விட்டத்தைப் பெருக்கினால் எடை ஏறும். அலுமினியத்தில் எடைக்கு அஞ்சாமல் பெருக்கலாம். நீண்ட தண்டை இரு துண்டுகளாக்கி நடுவில் ஒரு தாங்கியை வைப்பது தயாரிப்பாளர் கையாளும் மற்றொரு வழி. அந்த நடுத் தாங்கியையும் கூடுதல் மூட்டையும் நீக்கி, ஒரே துண்டாக அகன்ற அலுமினியக் குழாயைப் பொருத்துவதே மிகுவிசைக் கார்களில் நிகழும் மாற்றம்.

இப்பயன் யாருக்குத் தேவை? மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில், மேற்கண்ட அளவுகளின்படி, தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 4,100 முறை சுழல்கிறது. 200 கிலோமீட்டரில் 6,800-ஐத் தாண்டிவிடும். பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு மாறுநிலை வேகம் உயிர்ப்பிரச்சினை. சென்னையை அடுத்த சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் நடந்த பந்தயங்களிலும், 1990-இல் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் ஓடிய வண்டிகளைச் சீரமைத்தோர் இதனை நன்கறிவர். கரியாஹாட் நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியிலோ தண்டு நிமிடத்திற்கு 700 முறைகூடச் சுழல்வதில்லை. பந்தயத்திற்கு விடையாக அமைந்த ஒரு பொருள், கேள்வியே எழாத இடத்தில் விலைக்கு வாங்கப்படுகிறது.

சமநிலை பற்றியும் ஒரு சொல். தண்டின் மேற்பரப்பில், மையத்திலிருந்து 4 சென்டிமீட்டரில், 10 கிராம் அளவு மண் ஒட்டியிருந்தால், 4,000 சுற்றில் அது ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தாங்கிகளை இழுக்கும். 700 சுற்றில் 200 கிராம் அளவே. நெடுஞ்சாலையில் அதிரும் வண்டி நகருக்குள் ஒழுங்காக ஓடுவது இதனால்தான். தண்டைச் சமநிலைப்படுத்தும் பொறியில் வைத்துச் சரிசெய்தல், புதுத் தண்டு வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதியே.

வாடகைக் காருக்குரிய கணக்கு

வாடகைக் கார் உரிமையாளர் ஒருவர் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் வீதம், ஆண்டிற்கு 300 நாட்கள் வண்டி ஓட்டுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால், ஆண்டுத் தேவை 2,500 லிட்டர். வண்டியின் எடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் 6 முதல் 7 விழுக்காடு குறையும் என்பது பொறியியலார் கையாளும் பொதுவான அளவுகோல். அரை விழுக்காட்டிற்கு 0.3 விழுக்காடு. அதாவது ஆண்டிற்கு 7.5 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் 675 ரூபாய். அலுமினியத் தண்டிற்கும் பொருத்து கூலிக்கும் 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் திரும்ப 89 ஆண்டுகள் ஆகும். வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. கொல்கத்தா உயர்நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து 2009 முதல் அம்மாநகரப் பகுதியில் 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்கள் விலக்கப்பட்டு வருகின்றன என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும்.

அதே 60,000 ரூபாயில் டயர்கள், பிரேக் அமைப்பு, வில்கள், கார்டன் மூட்டுகள் அனைத்தையும் புதுப்பித்து மீதமும் வைக்கலாம். பொருளியலார் இதனையே வாய்ப்புச் செலவு என்பர். டயர்க் காற்றழுத்தத்தை வாரந்தோறும் சரிபார்ப்பதால் சேமிக்கப்படும் எரிபொருள், அலுமினியத் தண்டு சேமிப்பதைவிட மிகுதி. அதற்கு மூலதனமும் தேவையில்லை.

மிகுவிசைக் காரின் உரிமையாளருக்கு இக்கணக்கு பொருந்தாது என்று சிலர் வாதிடலாம். அவர் வாங்குவது சிக்கனத்தை அன்று, மகிழ்ச்சியை. நுகர்வோரின் விருப்பத்தை எடைபோடுவது பொருளியலாரின் வேலையன்று என்பதும் உண்மையே. எனினும், விருப்பம் சரியான செய்தியின் அடிப்படையில் எழுந்ததா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ‘சுழலெடை’ பற்றிய மிகைக் கூற்றை நம்பி இறக்குமதித் தண்டு வாங்குபவர், தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறியாமலே கொடுக்கிறார்.

பேலூரும் உத்தர்பாராவும்

அலுமினியமும் மோட்டார் வாகனமும் வங்காளத்தில் அண்டை வீட்டாராக வாழ்ந்தவை. ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில், ஹௌராவை அடுத்த பேலூரில் இந்தியன் அலுமினியம் கம்பெனியின் தகடு உருட்டாலை இருந்தது. ஆசன்சோல் அருகே ஜேகேநகரில் அலுமினியம் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா, 1940-களிலேயே உலோகத்தைப் பிரித்தெடுத்தது. பேலூரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் உத்தர்பாரா. 1942-இல் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1948-இல் இங்குக் குடிபெயர்ந்தது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடர், 1950-களின் பிற்பகுதியிலிருந்து இங்கு உருவாயிற்று.

இவ்வளவு அருகில் இருந்தும், காரின் எடையைக் குறைக்க அலுமினியம் பெருமளவில் பயன்படவில்லை. காரணம் தொழில்நுட்பம் மட்டும் அன்று. 1970-ஆம் ஆண்டின் அலுமினியக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருந்த காலத்தில், உற்பத்தியில் பாதி மின்கம்பிக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்வதே அந்நாளைய முன்னுரிமை. அது தவறான முன்னுரிமை என்று இன்று எவரும் கூறிவிட முடியாது. இக்கட்டுப்பாடு 1989-இல் விலக்கப்பட்டது. மறுபுறம், கார் வாங்கப் பல ஆண்டுகள் பதிவு செய்து காத்திருந்த சந்தையில், எடையைக் குறைக்க வேண்டும் என்ற தூண்டுதல் தயாரிப்பாளருக்கும் இல்லை. 1953-இல் சுங்கவரி ஆணையம் அளித்த அறிக்கையை அடுத்து, உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேறின, போட்டியாளர் குறைந்தனர். பாதுகாப்பு, குழந்தைத் தொழிலை வளர்த்தது. ஆனால் அக்குழந்தை நடைபழகிய பின்னும் கைப்பிடியை விடவில்லை என்பதே என் கருத்து.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, முன்சக்கரங்களால் உந்தப்படுவது. எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னாலேயே முடிந்துவிட, நீண்ட சுழல்தண்டே இல்லாமற் போயிற்று. தண்டை இலேசாக்குவதைவிடத் தண்டையே நீக்கிவிடுவது சிறந்த சிக்கனம் அன்றோ! இன்று நம் நாட்டுக் கார்களுள் பெரும்பாலானவை இவ்வமைப்பினவே. பின்சக்கர உந்தல், அம்பாசிடரோடு ஜீப் வகை வண்டிகள், சில பயணியர் வேன்கள், சிறு சரக்கு வண்டிகள், பேருந்துகள், லாரிகள் ஆகியவற்றில் நிலைத்தது. உத்தர்பாரா ஆலை 24-5-2014 அன்று பணிநிறுத்தம் அறிவித்தது. அம்பாசிடர் என்னும் வணிகப் பெயர் 2017-இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது.

அலுமினியத்தின் சூழலியல் கணக்கையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினாவும், அதிலிருந்து 1 டன் உலோகமும் கிடைக்கின்றன. ஒரு கிலோ உலோகத்தை மின்பகுப்பால் பிரிக்க 14 யூனிட் அளவு மின்சாரம் செலவாகிறது. ஆகவே, 5 கிலோத் தண்டின் உலோகத்திற்கு 70 யூனிட். நிலக்கரி மின்சாரமாயின் இதனால் வெளியாகும் கரியமில வாயு 65 முதல் 70 கிலோ. மேற்கண்ட வாடகைக் கார் ஆண்டிற்குச் சேமிக்கும் 7.5 லிட்டர் எரிபொருளால் தவிர்க்கப்படுவது ஏறத்தாழ 20 கிலோ. மூன்றரை ஆண்டுகளில் சமனாகும். ஆண்டிற்கு 8,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சொந்தக் காருக்கு அது பதின்மூன்று ஆண்டுகளாக நீளும்; நன்னிலையில் இருந்த எஃகுத் தண்டு வீணானதையும் சேர்த்தால் இன்னும் நீளும். பழைய உலோகத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தினால் தேவைப்படும் ஆற்றல், புது உலோகத்திற்கு ஆவதில் 5 விழுக்காடே என்பது ஆறுதலான செய்தி. அப்பொழுது இக்கணக்கு தலைகீழாகும்.

உதிரிச் சந்தையும் சட்டமும்

ஆலை மூடிய பின்னும் வண்டிகள் ஓடவேண்டும். கொல்கத்தாவின் மல்லிக் பஜார் போன்ற உதிரிச் சந்தைகளும் சிறு பட்டறைகளும் அப்பொறுப்பை ஏற்றன. தயாரிப்பாளர் அல்லாதோர் செய்யும் உதிரிகளை ‘போலி’ என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது பொருந்தாது. தன் பெயரை வெளிப்படையாகப் பொறித்து, அளவும் தரமும் காத்து விற்கும் மாற்று உதிரி வேறு. பிறர் பெயரைத் திருடி அடைத்து விற்கும் போலி வேறு. நாசிக்கில் உள்ள இந்துஸ்தான் ஹார்டி போன்ற நிறுவனங்கள் சுழல்தண்டுகளையும் மூட்டுகளையும் செய்வதையே தொழிலாகக் கொண்டவை.

இவ்வேறுபாட்டை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் வலியுறுத்தியது. உதிரிகளை வெளிச்சந்தையில் தாராளமாக விற்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்கள்மீது மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தண்டம் விதித்தது. அப்பட்டியலில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமும் இருந்தது. அதே ஆண்டு மே மாதம்தான் அது உத்தர்பாரா ஆலையை நிறுத்தியிருந்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. வழக்கின் போக்கு எதுவாயினும், சுதந்திரமான பட்டறைக்காரருக்கு உதிரி கிடைப்பது நுகர்வோரின் நலன் சார்ந்தது என்ற கருத்து அதனால் நிலைபெற்றது.

சந்தையின் சுதந்திரத்திற்கு எல்லையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் வரையறுத்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182அ என்னும் பிரிவை மாற்றியமைத்தது. அனுமதியற்ற முறையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்றியமையாப் பாதுகாப்பு உறுப்பு என அறிவிக்கப்பட்டதைத் தரமின்றி விற்பவருக்கு, உறுப்பொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த தண்டிற்கு மாற்றாக அதே அளவில் அதே வகைத் தண்டைப் பொருத்துவது பழுதுபார்ப்பு. நீளம், விட்டம், துண்டுகளின் எண்ணிக்கை, உலோகம் ஆகியவற்றையே மாற்றுவது வடிவமைப்பில் தலையிடுவது. பட்டறைக்காரரும் உரிமையாளரும் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவியாத மாற்றம் விபத்திற்குப் பின் பெரும் இடராகவும் முடியக்கூடும்.

இச்சட்டம் வெறும் அலுவலகக் கெடுபிடி அன்று என்பதற்கு உலோகவியலே சான்று. எஃகிற்குச் சோர்வு வரம்பு உண்டு. குறிப்பிட்ட அளவிற்குக் கீழான திரிபை அது எத்தனை கோடி முறையும் தாங்கும். அலுமினியத்திற்கு அத்தகைய வரம்பு இல்லை. சிறு திரிபும் எண்ணிக்கை பெருகினால் வெடிப்பாகும். வெப்பப் பதப்படுத்தப்பட்ட அலுமினியக் குழாயைப் பற்றவைத்தால், பற்றின் ஓரங்களில் வலிமை ஏறத்தாழ பாதியாகிறது. ஆகவே, தெருவோரப் பட்டறையில் எஃகுத் தண்டை வெட்டி ஒட்டிப் பழகிய கைகள் அலுமினியத்திலும் அதையே செய்ய முற்படுதல் ஆபத்தானது. எஃகு மூட்டும் அலுமினியக் குழாயும் சந்திக்கும் இடத்தில் நீர் தங்கினால் மின்வேதி அரிப்பு நிகழும். மழைக்காலத்தில் முழங்கால் நீர் தேங்கும் தென் கொல்கத்தாத் தெருக்களில் இது புறக்கணிக்கத்தக்கது அன்று. முன்மூட்டு முறிந்து தண்டின் முனை ஓடும் வண்டியில் தரையைத் தொட்டால், கழி ஊன்றித் தாண்டுபவன் போல் வண்டியே தூக்கியெறியப்படும். பந்தய வண்டிகளில் தண்டைச் சுற்றி ஒரு காப்பு வளையம் வைப்பது இதற்காகவே. பள்ளி வேன்களையும் பழைய பேருந்துகளையும் தகுதிச் சான்றுக்காகச் சோதிக்கும் அலுவலர், வண்டியின் அடியில் குனிந்து மூட்டைக் கையால் அசைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமே ஆகும். அந்த ஒரு நிமிடம் பல இடங்களில் செலவிடப்படுவதில்லை.

அலுமினியத்திற்கு ஏற்ற இடம்

சரக்கு லாரியில் தண்டு நீளமானது. இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். அலுமினியத்தால் 40 கிலோ குறைந்தால், சட்டப்படியான மொத்த எடை வரம்பிற்குள் 40 கிலோ சரக்கைக் கூடுதலாக ஏற்றலாம். ஆண்டிற்கு 60,000 கிலோமீட்டர் முழுச் சுமையுடன் ஓடினால் 2,400 டன்-கிலோமீட்டர். டன்-கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டு வருவாய் 6,000 ரூபாய். கூடுதல் செலவு 40,000 ரூபாயாயின் ஏறத்தாழ ஏழாண்டுகளில் திரும்பும். திரும்பும்போது வெறுமையாக வரும் லாரியாயின் பதின்மூன்று ஆண்டுகளாகும். ஆக, எடையால் நிறையும் சிமென்ட், எண்ணெய் போன்ற சரக்கிற்கு இது ஆராயத்தக்கது. இடத்தால் நிறையும் பஞ்சு, பெட்டிச் சரக்கிற்கு இதனால் பயனில்லை. இதனைத் தயாரிப்பு நிலையிலேயே, புனேயிலோ ஒரகடத்திலோ உள்ள சோதனை நிலையங்களில் தேர்வு பெற்று அமைக்க வேண்டும். அலுமினிய உற்பத்தியில் சீனாவிற்கு அடுத்த நிலையில் உள்ள நாட்டிற்கு உலோகம் ஒரு தடையன்று.

மின்வாகனங்கள் பெருகும்போது மோட்டார் அச்சை ஒட்டியே அமைவதால், நீண்ட தண்டிற்கு அங்கும் வேலை குறையும். இதுவும் கரியாஹாட்டிற்குப் புதிதன்று. 1902-இல் கொல்கத்தாவில் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிய டிராமில், மோட்டார் அச்சின் அருகிலேயே இருக்க, பற்சக்கரம் ஒன்றே விசையைக் கடத்தியது. மைதானப் பகுதியின் மரபுத் தடம் தவிர ஏனைய டிராம் தடங்களைக் கைவிடுவதாக மாநில அரசு 2024-இல் அறிவித்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கின்படி, உத்தர்பாராவில் 2014-இல் இறுதியாக உருவான அம்பாசிடர் வாடகைக் கார்களுக்கு 2029 வரையே இடமுண்டு. அதன் பின்னரும் இந்நகரப் பட்டறைகளில் சிறு சரக்கு வண்டிகளின் தண்டுகள் கழற்றப்படும். சுண்ணக்கட்டி அடையாளமும் மூட்டிற்கு இடும் கிரீசும் சமநிலைப் பொறியும் அங்குத் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் இம்மூன்றிற்கும் போதிய நேரம் ஒதுக்கினால், தண்டை மாற்றவேண்டிய தேவையே பெருமளவு குறையும்.